கூடவே வந்த நர்சம்மா: குடும்பத்தாரும் ஊராரும் பகிர்ந்த நினைவுகள்

மூத்த மகள்:

எங்கள் அம்மா கடந்த மாசி மாதம் வேதாரண்யத்தில், எங்கள் வீட்டில் காலமானார். 1976இல் துணைச் செவிலியராக அரசுப் பணியில் சேர்ந்த அவர், பிற்பாடு கிராம சுகாதாரச் செவிலியர் என்று பெயர் மாறிய அதே வேலையில் 2011இல் 58 வயது நிறைந்து ஓய்வு பெறும் வரை இருந்தார். முதலில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்களை ஒட்டிய ஊர்களிலும், பிறகு பல ஆண்டுகள் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரக் கிராமம் ஒன்றிலும், கடைசியில் மீண்டும் வேதாரண்யம் வட்டாரத்திலும் வேலை பார்த்தார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர் என்பது அரசு வகுத்த கணக்கு. அந்த 5,000 பேரில் யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி, எந்தப் பெரியவருக்கு இருமல் வாரக்கணக்கில் நிற்காமல் இருக்கிறது என்பதையெல்லாம் அந்த ஒருவரே அறிந்திருக்க வேண்டும். அம்மா அறிந்திருந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. உப்பளத்தில் இருந்தும் கடற்கரையில் இருந்தும் வந்து, முன்வாசலில் உட்கார்ந்து, தங்கள் வீட்டில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆளுக்கு ஆள் சம்பவம் வேறாக இருந்தாலும், “நர்சம்மா கூடவே வந்தாங்க” என்ற ஒரு சொல் மட்டும் எல்லார் வாயிலும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. போக வேண்டும் என்று சொன்னால் தானும் கிளம்பிவிடுவார். அந்தக் கதைகளை எழுத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்று நானும் தம்பியும் விரும்புகிறோம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அம்மாவைப் புகழ்ந்து எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். பெயர்களை விட்டுவிடுங்கள். இவை பேறுகாலமும் நோயும் வீட்டுத் துயரமும் சார்ந்த செய்திகள். அம்மா தம் பதிவேடுகளை வீட்டில் எங்களைப் படிக்கவிட்டதே இல்லை.

தங்கை:

நர்சம்மா எனக்கு அக்கா; எங்கள் இருவருக்கும் ஐந்து வயது வித்தியாசம். அப்பா இறந்த பிறகு எங்கள் இருவரையும் வேதாரண்யத்தில் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தில் சேர்த்தார்கள். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து நடந்து வந்த உப்புச் சத்தியாகிரகிகளுக்குத் துணை நின்ற சர்தார் வேதரத்தினம் 1946இல் தொடங்கிய நிறுவனம் அது. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அங்கே படிப்பும் கிடைத்தது, தங்க இடமும் கிடைத்தது. ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்டதும், அவரவர் தட்டை அவரவர் கழுவியதும், நோயுற்ற பிள்ளையின் அருகில் மூத்தவள் ஒருத்தி இரவு முழுவதும் படுத்திருப்பதும் எங்களுக்கு அங்கே படிந்த பழக்கங்கள். அக்கா செவிலியர் ஆனது அந்த இரவுகளால்தான் என்று நான் எப்போதும் நினைத்திருக்கிறேன்.

அவர் வேலையில் சேர்ந்த மறு ஆண்டு, 1977 நவம்பர் 12ஆம் தேதி, நாகப்பட்டினத்துக்கு அருகே புயல் கரையைக் கடந்தது. அக்கா அப்போது தனக்கு ஒதுக்கிய ஊரிலேயே ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார். அந்த இரவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருக்கிறது. குடிசையின் கூரை பிய்ந்து போகத் தொடங்கியதும், அக்காவும் அவ்வூர் மருத்துவச்சியும் அவளை இருபுறமும் தாங்கிப் பிடித்துப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். விளக்கு நிற்காத இருட்டில், கையால் தடவிப் பார்த்தே பிரசவம் நடந்தது. தொப்புள்கொடியைக் கட்ட நூலும் வெட்டப் புது பிளேடும் அக்காவின் முந்தானை முடிச்சில் இருந்தன. எங்கள் அம்மா இங்கே அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். சாலைகள் சரியாகி அக்கா வீட்டுக்கு வந்தபோது, முன்னாலேயே கிளம்பி வந்திருக்கக் கூடாதா என்று அம்மா கேட்டார். “வலி எடுத்தவளை விட்டுவிட்டு நான் எங்கே வருவது?” என்று அக்கா கேட்டதை நான் கதவோரம் நின்று கேட்டேன்.

அந்த மருத்துவச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படித்துவிட்டு வந்த செவிலியர்கள் ஊர் மருத்துவச்சிகளை ஒதுக்கிவைத்த காலம் அது. அக்கா அவரை ஆத்தா என்று அழைத்தார். சாம்பலும் சாணமும் கொடியில் வைக்கக் கூடாது, கையைச் சோப்பால் முழங்கை வரை கழுவ வேண்டும், நூலையும் பிளேடையும் கொதிக்கவைக்க வேண்டும் என்று அவரிடம் பொறுமையாகச் சொன்னார். குழந்தை தலை திரும்பாமல் கிடப்பதை வயிற்றைத் தொட்டே கண்டுகொள்ளும் திறமையை அவரிடம் இருந்து கற்றுக்கொண்டார். பல வீடுகளில் அக்காவை முதன்முதலாக உள்ளே அழைத்துப் போனவர் அந்த ஆத்தாதான்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:

சிஸ்டரும் நானும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் நீண்ட காலம் பணியாற்றினோம். அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் 1985இல் தொடங்கியபோது எங்கள் வேலையின் தன்மையே மாறியது. காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி (டெட்டனஸ்), இளம்பிள்ளைவாதம், தட்டம்மை ஆகியவற்றுக்கு எதிரான மருந்துகள் நகரத்தில் இருந்து உப்பளத்து வரப்பு வரைக்கும் கெடாமல் போய்ச் சேர வேண்டும். அவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைத்திருக்க வேண்டும். சொட்டு மருந்து வெப்பத்தைச் சற்றும் தாங்காது. முத்தடுப்பு ஊசி மருந்தும் இரண ஜன்னி மருந்தும் உறைந்துபோனால் பயனற்றுப் போகும். ஆகவே ஐஸ் கட்டிகளை அப்படியே அடுக்காமல், அவை வியர்க்கும் வரை வெளியே வைத்திருந்து, பிறகு பெட்டியில் வைப்பார் சிஸ்டர். இதை அவருக்கு யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் நிலையத்துக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் பாதி வழியும் நடையில் மீதி வழியும் போவார். அன்று கண்ணாடி சிரிஞ்சுகள்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் வேறு ஊசி, வேறு சிரிஞ்சு வேண்டும் என்பதால் முந்தின நாளே எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துத் துணியில் சுற்றி எடுத்துச் செல்வார். ஒருமுறை பஸ் வழியில் பழுதாகி, வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் முழுதும் உருகிப் பெட்டிக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. உப்பளக் கூலியை விட்டுவிட்டுத் தாய்மார்கள் காத்திருந்தார்கள். மருந்துக் குப்பியின் மீது ஒட்டிய வட்டத்துக்குள் உள்ள சதுரம் நிறம் மாறுவதைப் பார்த்து மருந்தின் நிலையை அறியும் வசதி அப்போது வந்திருக்கவில்லை. அந்த மருந்தைப் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சிஸ்டர் பெட்டியைத் திறந்து காட்டி, “மருந்து வெயிலில் செத்துப்போயிற்று. இதைப் போட்டால் பிள்ளைக்கு வலி மட்டும்தான் மிச்சம்” என்று சொல்லிவிட்டு, எல்லாரிடமும் வசவு வாங்கிக்கொண்டு திரும்பினார். மறுநாள் விடிவதற்குள் புது மருந்தோடு உப்பளத்துக்கே போய் நின்றார். அதன் பிறகு அந்த ஊரில் அவர் கொண்டுவரும் மருந்தை யாரும் சந்தேகித்ததில்லை.

இன்னொன்றை எழுதலாமா என்று யோசித்தேன். நடந்ததை எழுதச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு உண்டு. இத்தனை பேரை அறுவை சிகிச்சைக்கு அழைத்துவர வேண்டும் என்று ஒவ்வொரு செவிலியருக்கும் ஓர் எண் வரும். மாதக் கூட்டத்தில் அந்த எண்ணிக்கையை எல்லார் முன்னிலையிலும் வாசிப்பார்கள். எண் குறைந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். சிஸ்டர் பலமுறை நின்றிருக்கிறார். இரத்தசோகையில் வெளுத்துப்போன ஒரு பெண்ணை அந்த மாதக் கணக்கில் சேர்க்கச் சொன்னபோது, அவளுக்கு இரத்தம் ஊறிய பிறகுதான் அழைத்துவருவேன் என்று மறுத்துவிட்டார். புருஷனும் மாமியாரும் சம்மதித்தால் போதாது, அவளே தன் வாயால் சொல்ல வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். 1996 ஏப்ரலில் நாடு முழுவதும் இலக்கு முறை கைவிடப்பட்டபோது அவர் முகத்தில் கண்ட நிம்மதி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்த ஒவ்வொரு பெண்ணோடும் அவர் மருத்துவமனைக்குப் போனார்; இரவு வார்டு வராந்தாவில் படுத்தார்; தையல் பிரிக்கும் நாளன்றும் கூடப் போனார். “நான் சொல்லித்தானே வந்தாள், நான் இல்லாமல் எப்படி?” என்பார்.

உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன்:

நான் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். அம்மா சொல்வதைக் கேட்டு எழுதுகிறேன்.

எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் பிறந்த ஒரு வாரத்திற்குள் இறந்தார்கள். முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, பிறகு தாடை இறுகி, வாய் திறக்க முடியாமல், உடம்பு வில்லாய் விறைத்துப் போயிற்று. தெருவில் அதைத் தோஷம் என்று சொன்னார்கள். அம்மா மூன்றாவதாகக் கருவுற்றபோது, அந்தத் தோஷத்துக்குப் பரிகாரம் செய்வதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நர்சம்மா வீட்டுக்கு வந்தார். இரண்டு பிள்ளைகளும் எப்படி இறந்தார்கள் என்பதைக் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டு, இது இரண ஜன்னி, அறுத்த கொடி வழியாக ஏறுகிற கிருமி, தாய்க்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போட்டால் பிள்ளைக்கும் பாதுகாப்பு போய்ச் சேரும் என்று சொன்னார். பரிகாரத்தைச் செய்ய வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. “அதையும் செய்யுங்கள், இதையும் போட்டுக்கொள்ளுங்கள்” என்றாராம். அந்த ஒரு வார்த்தையால்தான் எங்கள் பாட்டி சம்மதித்தார்.

உப்பளத்தில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு பாத்தியில் நிற்க முடியாது. பகலில் வீடு வீடாக வந்தால் கர்ப்பிணிகளைக் காண முடியாது என்று தெரிந்துகொண்டு, நர்சம்மா இருட்டோடு உப்பளத்துக்கே வந்துவிடுவார். கூடையை இறக்கிவைக்கச் சொல்லி, உப்புக் குவியலின் ஓரத்தில் நிற்கவைத்து, கண் இமையைக் கீழே இழுத்து வெளுப்பைப் பார்ப்பார். சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், பெரிதாகி வெளியே வராது என்றெல்லாம் அப்போது பேச்சு இருந்ததால், பலர் மாத்திரையை வாங்கி வரப்பிலேயே எறிந்துவிடுவார்கள். அவர் அதைக் கண்டும் கோபப்படவில்லை. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துத்தான் இந்தப் பயம் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, அது மாத்திரையில் உள்ள இரும்பினால் வருவது, பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒவ்வொருத்தியிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார். தேநீரோடு விழுங்க வேண்டாம், சோற்றுக்குப் பிறகு எலுமிச்சைச் சாறோடு விழுங்கு என்பதும் அவர் சொன்னதே. அம்மா இன்றும் என் மனைவிக்கு அதையே சொல்கிறார்.

நான் பிறந்து முதல் பத்து நாட்களும் அவர் தினமும் வந்து, நான் வாய் திறந்து பால் குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போனாராம். இந்தியா பச்சிளம் குழந்தைகளின் இரண ஜன்னியை ஒழித்துவிட்டது என்று 2015இல் அறிவிப்பு வந்த செய்தியை நான் நாளிதழில் படித்து அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அன்றே நர்சம்மாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

கடலோரக் கிராமத்துத் தாய்:

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

எனக்கு முதலில் ஒரு மகனும் பிறகு ஒரு மகளும் பிறந்தார்கள். 1999இல் மகள் பிறந்த பிறகு, இரண்டு போதும் என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்து, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன். நர்சம்மாதான் அழைத்துப் போனார். அந்த முடிவு எங்களுடையது. அவர் வற்புறுத்தியதால் செய்துகொண்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் விடியற்காலையே கடலுக்குப் போயிருந்தார். ஆழத்தில் இருந்ததால் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அலை தங்கள் அடியில் கடந்து போனதே அவர்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் இருவரும் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களை அன்று இழந்தோம். என் இரண்டு பேர் அதற்குள் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்திருந்தார்கள். கூட்டமாக இருக்கும் இடத்தில் தட்டம்மை பரவிவிடும் என்பதால், சில நாட்களில் செவிலியர்கள் முகாம் முகாமாக வந்து மீதமிருந்த குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். நர்சம்மாவும் வந்தார். வேலையை முடித்துவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கு அப்போது யார் ஆறுதல் சொன்னாலும் எழுந்து போய்விடத் தோன்றும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தது. அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒருநாள், என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே, “உன்னை அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் நான்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்லி அவரைத் திட்டிய பெண்கள் இருந்தார்கள். அவர் அதையும் கேட்டுக்கொண்டார்.

பிள்ளைகளை இழந்த, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட தாய்மாருக்கு, வெட்டிய கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையைத் தன் செலவில் செய்து தருவதாக 2005இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நர்சம்மா அந்தச் செய்தியோடு வந்தபோது, நல்லதை மட்டும் சொல்லவில்லை. எல்லாருக்கும் பலிக்காது, வெட்டிய இடத்தில் எவ்வளவு குழாய் மிச்சமிருக்கிறது என்பதையும் வயதையும் பொறுத்தது, பலிக்காமல் போனால் இரண்டாவது முறை துக்கப்பட வேண்டியிருக்கும், அதையும் யோசித்துச் சொல் என்றார். நான் யோசிக்க எடுத்துக்கொண்ட மாதங்களில் ஒருமுறைகூட என்ன முடிவு என்று கேட்கவில்லை. நான் சரி என்று சொன்ன வாரத்தில், என்னோடும் வீட்டுக்காரரோடும் பஸ் ஏறினார். வெளியூர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் எனக்குத் தலை வாரிவிட்டதுகூட அவர்தான்.

இப்படி இணைத்த பிறகு கரு கருப்பையில் தங்காமல் குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டாம். அதனால், நாள் தள்ளினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் எனக்குச் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கு நாள் தள்ளியது. இரவில் ஆள் அனுப்பினேன். காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். ஸ்கேன் அறைக்கு வெளியே அவர் என்னை விட அதிகமாகப் பயந்துகொண்டு நின்றார். கரு சரியான இடத்தில் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும், நர்சம்மா அழுததை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். 2007இல் மகள் பிறந்தாள். இதை எழுதுகிறவள் அவள்தான்.

எங்கள் ஊரில் இன்னொருத்திக்கும் அதே சிகிச்சை நடந்தது. அவளுக்குப் பலிக்கவில்லை. நர்சம்மா எங்கள் ஊரை விட்டு மாற்றலாகிப் போன பிறகும், ஒவ்வொரு டிசம்பர் 26ஆம் தேதியும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் வருவார். மாலை வரை அங்கேயே இருந்துவிட்டு, பஸ்ஸுக்குப் போகும் வழியில் என் வீட்டில் எட்டிப் பார்ப்பார். எனக்கு அதில் ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை.

மூத்த மகள்:

இதைப் படித்த பிறகு தம்பி எனக்கு நினைவூட்டிய ஒன்றை இங்கே சேர்க்கிறேன். 2005 பொங்கலை நாங்கள் கொண்டாடவில்லை. அந்த நாட்களில் அம்மா இரவில் கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு, தம் பழைய பதிவேடுகளில் இருந்து ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார். தாம் அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போன பெண்களில் யார் யார் இப்போது பிள்ளைகளை இழந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அது. எதற்காக என்று அப்பா கேட்டார். “தெரியவில்லை, ஆனால் வேண்டியிருக்கும்” என்றார். அரசின் அறிவிப்பு வந்ததும் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனார். அவர் விடியற்காலைப் பஸ்ஸில் கிளம்பிய அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வீட்டில் சமைத்தவர் அப்பா. அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். இட்லி மாவு அரைப்பதில் இருந்து தம்பிக்குச் சட்டை தேய்ப்பது வரை எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் செய்தார். அம்மாவின் கதையை யார் எழுதினாலும் அப்பாவுக்கும் அதில் ஒரு பத்தி உண்டு.

இப்போது பணியில் இருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்:

நான் வேலையில் சேர்ந்தபோது அம்மா, அதாவது நர்சம்மா, ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இன்றைக்குக் கர்ப்பிணிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிறோம், பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் இல்லாமல் ஒன்றும் நகராது, 108 வண்டி வருகிறது, தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. நான் என் பட்டியலை அவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் ஒவ்வொரு பெயராக விரலை வைத்து, “மழைக்காலத்தில் இவள் வீட்டுக்கு எந்த வழியாகப் போவாய்?” என்று கேட்டார். பாதிப் பெயர்களுக்கு எனக்கு விடை தெரியவில்லை. அவர் தம் பழைய பதிவேடுகளில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் மழைக்கால வழியைக் குறித்துவைத்திருந்தாராம். வாய்க்கால் நிரம்பினால் யார் வீட்டுக் கொல்லை வழியாகச் சுற்றிப் போகலாம் என்பது வரைக்கும். அன்றில் இருந்து நானும் குறிக்கிறேன்.

2018 நவம்பர் 15ஆம் தேதி, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் வருகிறது என்று உறுதியானபோது, பிரசவத் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வேலை எங்களுடையது. ஒரு பெண் மட்டும் வர மறுத்தாள். வீட்டில் சினைப்பசு இருந்தது; அதை விட்டுவிட்டு எங்கே போவது என்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். மூட்டுவலியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பெண்ணிடம் எதுவும் பேசவில்லை. நேராகப் பக்கத்துத் தெருவில் காங்கிரீட் வீடு வைத்திருந்தவரிடம் போய், பசுவைக் கட்ட அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இடம் கேட்டு வாங்கினார். பசுவும் கட்டப்பட்ட பிறகு அந்தப் பெண் தானாகவே துணி மூட்டையை எடுத்துக்கொண்டாள். அம்மாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். நீங்கள் எதற்கு என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. மறுநாள் அதிகாலை புயல் அடித்தபோது அவர் பிரசவ வார்டில்தான் இருந்தார். வேதாரண்யத்தில் தென்னையும் மாவும் கூரைகளும் எப்படிப் போயின என்பதை இங்கே படிக்கும் எல்லாரும் அறிவார்கள். அந்தப் பெண்ணின் குடிசையும் போயிற்று. அவளுக்கு இரண்டு நாள் கழித்துப் பிரசவமானது. தாயும் பிள்ளையும் நலம், பசுவும் பிழைத்தது.

உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன்:

நான் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முக்கியமானதை விட்டுவிட்டாய் என்று சொல்கிறார். அன்றைக்கு எங்கள் தெருவுக்கு வேலை நிமித்தம் வரும் அலுவலர்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்; நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். நர்சம்மா திண்ணையில் உட்கார்ந்து, என்ன கஞ்சி இருக்கிறது என்று கேட்டு வாங்கிக் குடிப்பார். 1979இல் தம் திருமணத்துக்கு எங்கள் தெருவையே அழைத்தார். போகலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் தயங்கியபோது, மணப்பெண்ணே முந்தின நாள் வந்து, வராவிட்டால் எனக்கு வருத்தம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அம்மா அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். இதை எழுது என்கிறார்.

தங்கை:

உப்பளத்துத் தம்பி எழுதியது அத்தனையும் உண்மை. அன்று அவர்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டு உறவினர் சிலர் இலையை விட்டு எழுந்து போனார்கள். அக்கா மணமேடையில் இருந்து இறங்கி வந்து, காலியான அந்த இலைகளை எடுத்துவிட்டுப் புது இலை போடச் சொல்லி, உப்பளத்தில் இருந்து வந்தவர்களில் மீதிப் பேரையும் அங்கேயே உட்காரவைத்தார். மாப்பிள்ளை, அதாவது அத்தான், சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு வந்து தாமே பரிமாறினார். அன்று எழுந்து போனவர்களில் ஒருவரின் மகளுக்குச் சில ஆண்டுகள் கழித்துத் தலைப்பிரசவம் சிக்கலானபோது, அக்கா இரவோடு இரவாக அவளோடு நாகப்பட்டினம் அரசு மருத்துவமனைக்குப் போனார். அந்தப் பெரியவர் அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்த எல்லா விசேஷங்களுக்கும் வந்தார், யாரோடு வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிட்டார்.